ஏழு… இல்ல, ஏழரை: நம் பேச்சு கணினிக்குப் புரிவது எப்படி?

போனிடம் ஏதோ கேட்கிறோம், அது பதில் சொல்கிறது. ‘புரிந்துவிட்டது’ என்கிறோம். சொன்னதைச் செய்யாமல் ஒன்று கிடக்க ஒன்று செய்தால் ‘இதற்குக் காது கேட்கவில்லை’ என்கிறோம். இரண்டுமே மேலோட்டமான பேச்சு. கேட்பதும் புரிந்துகொள்வதும் இந்தக் கருவிகளுக்குள் தனித்தனி வேலைகள். ஒன்று சரியாக நடந்து மற்றது கோட்டை விடலாம். கேட்டது அரைகுறையாக இருந்தும் புரிதல் சமாளித்துவிடுவதும் உண்டு.

இன்னொரு எண்ணமும் பரவலாக இருக்கிறது: எல்லாருடைய குரலையும் எங்கோ பதிந்து வைத்திருக்கிறார்கள், நாம் பேசியதை அந்தப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள் என்று. இது முழுக் கற்பனையும் அல்ல. 1952-இல் பெல் ஆய்வகத்தில் செய்த ‘ஆட்ரி’ என்ற கருவி கிட்டத்தட்ட அப்படித்தான் இயங்கியது. பூஜ்யம் முதல் ஒன்பது வரை மட்டும் அறியும். அதுவும் ஒருவருடைய குரலுக்குப் பழக்கிவிட்டால்தான் ஒழுங்காக வேலை செய்யும். இன்றைய முறை முற்றிலும் வேறு.

அதைப் பார்க்க ஒரே ஒரு வாக்கியத்தைக் கடைசி வரை பின்தொடர்வோம். ஒருவர் போனிடம் சொல்கிறார்:

“நாளைக்குக் காலைல ஏழு… இல்ல, ஏழரைக்கு எழுப்பி விடு.”

மூன்று விநாடிப் பேச்சு.

## ஒலி எண்ணாகிறது

மைக் செய்வது ஒன்றே ஒன்றுதான்: காற்றின் அழுத்தம் ஏறி இறங்குவதை அளப்பது. காய்ச்சல் கண்டவருக்கு மணிக்கொரு முறை வெப்பம் பார்த்து எழுதி வைக்கிறோம் அல்லவா, அதே வேலை. ஆனால் இங்கே விநாடிக்கு 16,000 முறை. ஒவ்வோர் அளவும் ஒரு ‘மாதிரி’. நம் வாக்கியம் இப்போது 48,000 எண்கள்.

இந்த எண்களை வரிசையாகப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. எனவே வரிசையை 25 மில்லிவிநாடி அகலமுள்ள துண்டுகளாக எடுக்கிறார்கள். ஒரு துண்டில் 400 மாதிரிகள். அடுத்த துண்டு 10 மில்லிவிநாடி தள்ளித் தொடங்கும்; ஆகவே துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். மூன்று விநாடிக்குச் சுமார் 300 துண்டுகள். ஏன் 25? இன்னும் குறுகலாக எடுத்தால் தாழ்ந்த சுருதிகளைப் பிரித்தறிய முடியாது. இன்னும் அகலமாக எடுத்தால் ‘ழு’வும் ‘ப்’பும் ஒரே துண்டில் விழுந்து குழம்பும்.

ஒவ்வொரு துண்டிலும் கேட்கும் கேள்வி இது: தாழ்ந்த சுருதியில் எவ்வளவு வலு, நடுவில் எவ்வளவு, உச்சத்தில் எவ்வளவு? பலர் சேர்ந்து பாடும்போது தடித்த குரல் இவ்வளவு, கீச்சுக்குரல் இவ்வளவு என்று பிரித்துச் சொல்வது போல. பெரும்பாலும் 80 பட்டைகளாகப் பிரிப்பார்கள். தாழ்ந்த பக்கம் பட்டைகள் குறுகலாகவும் உயர்ந்த பக்கம் அகலமாகவும் இருக்கும், மனிதக் காதும் அப்படித்தான் நுணுக்கம் பார்க்கிறது என்பதால். 300 துண்டு, துண்டுக்கு 80 எண். இதைக் கிடைமட்டத்தில் நேரம், செங்குத்தில் சுருதி என்று வரைந்தால் மேகம் மேகமாக ஒரு படம் வரும். அதை ‘ஒலிப்படம்’ என்று வைத்துக்கொள்வோம். இதற்குப் பின் கருவி பார்ப்பதெல்லாம் இந்தப் படத்தைத்தான்.

படம் கெடுவதற்குக் காரணங்கள் பல. பல தொலைபேசி அழைப்புகளில் விநாடிக்கு 8,000 மாதிரிகள்தான். பழைய இணைப்புகளில் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு அத்தனை அதிர்வு) வரைதான் ஒலி கடந்துவரும். ‘ஸ்’, ‘ஃப்’ இவற்றின் சீறல் பெரும்பகுதி அதற்கு மேலே இருக்கிறது. போனில் பெயரின் எழுத்தைச் சொல்லும்போது “எஸ்-ஆ, எஃப்-ஆ?” என்று மனிதர்களே திருப்பிக் கேட்பது இதனால்தான். அறையின் மறுமூலையிலிருந்து பேசினால் வேறு தொல்லை: நேராக வரும் ஒலி தேய்ந்துபோகும், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி அதன்மேல் படியும். விசிறிச் சத்தத்தைவிட இந்த எதிரொலிதான் பல நேரம் அதிகம் கெடுக்கும்.

## எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்கிறதா?

ஆம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். கருவியின் பெயரைச் சொல்லி அழைத்தால் விழித்துக்கொள்கிறதே, அந்த ‘விழிப்புச் சொல்’லை மட்டும் கவனிக்க ஒரு மிகச் சிறிய நிரல் கருவிக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும். அதன் கையில் இருப்பது கடைசிச் சில விநாடி ஒலி; புதியது வர வர, பழையது அழிந்துகொண்டே போகும். விழிப்புச் சொல் கேட்டதாகத் தோன்றினால்தான் மீதி இயந்திரம் எழும்.

அந்த ‘தோன்றினால்’ என்பதில்தான் வம்பு. கண்டிப்பு குறைந்தால் தொலைக்காட்சியில் யாரோ பேசியதற்கெல்லாம் எழுந்துகொள்ளும், அப்போது அழைக்காத பேச்சும் பதிவாகிவிடும். கண்டிப்பு கூடினால் நாலு முறை கூப்பிட வேண்டும். இரண்டும் ஒருசேரக் குறைய வேண்டுமானால் நிரல் பெரிதாக வேண்டும். நிரல் பெரிதானால் பேட்டரி காலி.

## 300 துண்டு, 24 எழுத்து

ஒலிப்படத்தை எழுத்தாக்குவது ‘பேச்சறிதல்’. இதைச் செய்வது நரம்பு வலையமைப்பு என்ற வகை நிரல். யாரும் அதற்கு விதிகள் எழுதித் தருவதில்லை. பேச்சுப் பதிவையும் அதன் எழுத்து வடிவத்தையும் சோடி சோடியாகக் காட்டுவார்கள். அது ஊகிக்கும், தவறினால், அந்தத் தவறு குறையும் திசையில் அதற்குள் இருக்கும் கோடிக்கணக்கான எண்கள் துளித்துளியாகத் திருத்தப்படும். பயிற்சி முடிந்தபின் மிஞ்சுவது அந்த எண்கள்தான், பதிவுகள் அல்ல. பயிற்சியின் அளவுக்கு ஓர் எடுத்துக்காட்டு: 2022-இல் ஓப்பன்ஏஐ நிறுவனம் வெளியிட்ட விஸ்பர் என்ற பேச்சறிதல் நிரல் 6,80,000 மணி நேரப் பேச்சில் பழகியது. இரவு பகல் ஓயாமல் கேட்டாலும் 77 ஆண்டுக்கு மேல் ஆகும்.

நம் வாக்கியத்தில் எண்ணிப் பார்த்தால் 24 எழுத்துகள். துண்டுகளோ 300. யாரும் ஒரே வேகத்தில் பேசுவதில்லை. ஒருவர் ‘ஏ’யை இழுப்பார், இன்னொருவர் விழுங்குவார். எந்தத் துண்டு எந்த எழுத்துக்கு என்று எப்படிப் பங்கிடுவது? பல முறைகள் உண்டு. அவற்றில் ஒன்று பார்க்கவே அழகு. துண்டுக்குத் துண்டு ஓர் எழுத்தை ஊகிக்கச் சொல்வார்கள். ‘எழுத்தில்லை’ என்ற வெற்றுக் குறிக்கும் அனுமதி உண்டு. வரும் விடை இப்படி இருக்கும்:

ஏ ஏ ஏ ஏ – ழ ழ – – ரை ரை ரை –

அடுத்தடுத்து வரும் ஒரே எழுத்தை ஒன்றாக்கு. பிறகு வெற்றுக் குறிகளை நீக்கு. ‘ஏழரை’ கிடைத்துவிட்டது. வெற்றுக் குறி எதற்கு என்று தோன்றினால் ‘மாமா’வை நினைத்துப் பாருங்கள். ‘மா மா – மா மா’ என்று வந்தால் நடுவில் உள்ள வெற்றிடம் இரண்டு ‘மா’வைக் காப்பாற்றும். அது இல்லாவிட்டால் எல்லாம் ஒட்டி ஒரே ‘மா’ ஆகி, மாமாவுக்குப் போன் போகாது.

இதுவரை: காற்றழுத்தம் எண்களானது, எண்கள் ஒலிப்படமானது, ஒலிப்படத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் எழுத்து ஊகம் வந்தது. ஊகம் என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். கருவி எந்த இடத்திலும் ‘இது ழ’ என்று சாதிப்பதில்லை. ‘ழ-வாக இருக்க இவ்வளவு வாய்ப்பு, ல-வாக இருக்க இவ்வளவு’ என்றுதான் கணக்கு வைத்திருக்கிறது.

## மளையா, மலையா, மழையா?

“நாளைக்கு மளை பெய்யுமா?” என்று ஒருவர் கேட்கிறார். ழகரம் வராத நாக்கு. ஒலியை மட்டும் வைத்துப் பார்த்தால் ‘மலை’க்கு 0.5, ‘மழை’க்கு 0.4 வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒலி மலை பக்கம் சாய்கிறது. ஆனால் எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்று ஏராளமான எழுத்திலிருந்து பழகிய இன்னொரு கணக்கு இருக்கிறது; அதன் பெயர் ‘மொழி மாடல்’. ‘பெய்யுமா’வுக்கு முன் மழை வர 0.6, மலை வர 0.001 என்கிறது அது. பெருக்குங்கள்: மழைக்கு 0.24, மலைக்கு 0.0005. மழை வென்றது.

நாமும் அதையேதான் செய்கிறோம். ஓடும் பேருந்தில் பக்கத்துக்காரர் சொன்னதில் பாதிதான் காதில் விழும். மீதியைப் பேச்சின் போக்கை வைத்து நாமே நிரப்பிக்கொள்வோம்.

சொற்களுக்கு நடுவே இடைவெளி இருக்கும் என்பதும் எழுத்து பழக்கிய மயக்கம். பேச்சில் சொற்கள் ஒட்டியே வரும். இது தமிழுக்குப் புதிதல்ல. ‘செம்பொன்பதின்றொடி’ என்பதைச் செம்பொன் பதின் தொடி என்று பிரித்தால் பத்துப் பொன் வளையல், செம்பு ஒன்பதின் தொடி என்று பிரித்தால் ஒன்பது செம்பு வளையல் என்று இலக்கண உரைகாரர்கள் எப்போதோ காட்டிவிட்டார்கள். கருவி இப்படிப்பட்ட பல பிரிப்புகளை ஒரே நேரத்தில் கையில் வைத்துக்கொண்டு, வாக்கியம் வளர வளர மெலிந்தவற்றைக் கழித்துக்கொண்டே போகிறது. நீங்கள் பேசும்போது திரையில் ஒரு சொல் தோன்றிச் சட்டென்று வேறாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். கழிக்கப்பட்ட ஊகம் அது.

மொழி மாடல் உதவுவது, அது படித்த மொழியை நாம் பேசும்வரைதான். செய்தித்தாள் தமிழில் பழகிய மாடலுக்குப் ‘போய்க்கொண்டிருக்கிறேன்’ தெரியும், ‘போயிட்டிருக்கேன்’ அந்நியம். எழுதுவதொன்று பேசுவதொன்று என்று இருக்கும் மொழிகளுக்கெல்லாம் இந்தத் தலைவலி உண்டு. நமக்குக் கொஞ்சம் கூடுதல். பேச்சில் ஐம்பது ‘அம்பது’ ஆகிறது, எண்பது ‘எம்பது’ ஆகிறது. முதல் உயிரெழுத்து ஒன்றுதான் வேறுபாடு. பணத்தொகையாக வரும்போது இரண்டுக்குமே ஏறத்தாழ ஒரே வாய்ப்பு என்பதால் மொழி மாடலும் கைவிரித்துவிடும்.

## பிழை விகிதம் சொல்லாத கதை

பேச்சறிதலுக்கு மதிப்பெண் போடும் அளவுகோல் ‘சொற்பிழை விகிதம்’. மாறிப்போன சொல், விட்டுப்போன சொல், கூடுதலாக நுழைந்த சொல் மூன்றையும் கூட்டி, உண்மையில் சொன்ன சொற்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும்.

“காலை ஏழரை மணிக்கு எழுப்பு” என்ற நான்கு சொற்களைக் கருவி “காலை ஏழு அரை மணிக்கு எழுப்பு” என்று எழுதினால், ஒரு மாற்றம், ஒரு நுழைவு. 50 சதவீதப் பிழை! ஆனால் அலாரம் சரியாக அடிக்கும். அதே வாக்கியத்தைக் “காலை ஏழரை மணிக்கு எழுப்பாதே” என்று எழுதினால் பிழை 25 சதவீதம்தான். நீங்கள் தூங்கிக்கொண்டே இருப்பீர்கள். விளம்பரங்களில் சொற்பிழை விகிதத்தைப் பார்த்து ‘நன்றாகப் புரிந்துகொள்கிறது’ என்று முடிவுகட்டக் கூடாது என்பது இதனால்தான். தமிழ் போல விகுதிகள் ஒட்டிக்கொண்டே போகும் மொழியில், ஒரு விகுதி தவறினாலும் முழுச் சொல்லும் தவறு என்றே கணக்காகும். அதனால் எழுத்துக்கு எழுத்து எண்ணும் விகிதத்தையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

## பேசி முடித்தாரா?

நம் வாக்கியத்தில் ‘ஏழு…’ என்றதும் பேசியவர் ஒரு நொடி யோசித்தார். கருவிக்கு அது சாதாரண அமைதி. எவ்வளவு நேர அமைதியை ‘முடித்துவிட்டார்’ என்று எடுத்துக்கொள்வது?

எளிய அமைப்புகளில் அரை விநாடியோ அதற்குச் சற்று மேலோ ஒரு வரம்பு வைத்திருப்பார்கள். மனிதர்கள் ஒருவர் முடித்ததும் மற்றவர் தொடங்க எடுத்துக்கொள்வது சராசரியாக விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான்; அதனால் அரை விநாடிக் காத்திருப்பே நமக்கு மந்தமாகத் தெரியும். வரம்பைக் குறைத்தாலோ பேச்சை நடுவில் வெட்டிவிடும். போன் எண் சொல்லும்போது ஐந்து இலக்கம் சொல்லி மூச்சு விடுவோம், அங்கேயே வெட்டும். திக்கிப் பேசுபவர்களும் வயதானவர்களும் இதில் அதிகம் அடிபடுகிறார்கள். அவர்கள் பேச்சு தெளிவில்லை என்று பழி போடுவார்கள். உண்மையில் கருவிக்குப் பொறுமை இல்லை.

நல்ல அமைப்புகள் அமைதியை மட்டும் அளக்காமல், இதுவரை வந்த சொற்கள் நிறைவாக இருக்கின்றனவா என்றும் பார்க்கின்றன. தமிழ் இதற்குத் தோதான மொழி. வினைமுற்று பெரும்பாலும் கடைசியில்தான் வரும். ‘நாளைக்குக் காலைல ஏழு…’ என்பதில் வினை இல்லை, ஆகவே இன்னும் காத்திரு. இதன் மறுபக்கமும் உண்டு: எழுப்பு, எழுப்பாதே, எழுப்ப வேண்டாம் எல்லாம் கடைசி நொடியில்தான் பிரிகின்றன. முந்திரிக்கொட்டை போல நடுவிலேயே செயலில் இறங்கும் அமைப்பு தமிழில் மாட்டிக்கொள்ளும்.

## புரிதல் என்பது படிவம் நிரப்புவது

சொற்கள் கையில் வந்தாயிற்று. இனிமேல்தான் ‘புரிதல்’. அலுவலக எழுத்தர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். வந்தவர் எப்படிச் சுற்றி வளைத்துப் பேசினாலும், எழுத்தர் முதலில் எந்தப் படிவம் என்று தீர்மானிப்பார், பிறகு கட்டங்களை நிரப்புவார். கருவியும் அதையே செய்கிறது. எந்தப் படிவம் என்பது ‘நோக்கம்’. நிரப்ப வேண்டியவை ‘கட்டங்கள்’.

நோக்கம்: அலாரம் வை
நாள்: நாளை
நேரம்: 7.30
எத்தனை முறை: சொல்லவில்லை (ஒரு முறை என்று கொள்)

‘எழுப்பி விடு’ என்பதில் அலாரம் என்ற சொல்லே இல்லை. ஆனாலும் படிவம் சரியாக வந்தது. ‘எழுப்பு’, ‘அலாரம் செட் பண்ணு’, ‘ஏழரைக்கு எந்திரிக்கணும்’ எல்லாம் ஒரே படிவத்துக்குப் போகும் என்று பழக்கியிருக்கிறார்கள்.

‘இல்ல’ இருக்கிறதே, அதுதான் இந்த வாக்கியத்தின் கண்ணிவெடி. ‘வேண்டாம்’ என்ற பொருளில் எடுத்தால் அலாரமே கிடையாது. இங்கே அது திருத்தம்: முன்னால் சொன்ன ‘ஏழு’வை அடித்துவிட்டு ‘ஏழரை’ எழுது. வெறும் சொல்லைத் தேடும் பழைய நிரல்கள் ஏழு, ஏழரை இரண்டுக்கும் அலாரம் வைத்துவிடும். ‘இல்ல’வுக்கு இருபுறமும் ஒரே வகைச் சரக்கு, அதாவது நேரமும் நேரமும், இருக்கிறது என்பதுதான் திருத்தத்தின் அடையாளம்.

‘நாளை’யையும் தேதியாக மாற்ற வேண்டும். இரவு 12.40-க்கு ஒருவர் இதைச் சொன்னால்? நாள்காட்டிப்படி நாளை என்பது மறுநாள். சொல்பவரோ இன்னும் தூங்கப் போகவில்லை. அவருக்கு நாளைக் காலை என்பது ஏழு மணி நேரத்தில் விடியப்போகும் காலை. நாள்காட்டியை நம்பிய கருவி 24 மணி நேரம் தாமதமாக எழுப்பும்.

அடுத்து அவர் “அதை எட்டுக்கு மாத்து” என்கிறார். எதை? இதற்காகத்தான் இதுவரை நிரம்பிய படிவங்களைக் கருவி நினைவில் வைத்திருக்கிறது. அந்த நினைவு ‘உரையாடல் நிலை’. அது இல்லாத அமைப்பு ஒவ்வொரு வாக்கியத்தையும் புது ஆள் வந்தது போல எதிர்கொள்ளும்.

சுருக்கமாக: புரிதல் என்றால் இங்கே மனத்தில் பொருள் உதிப்பதல்ல. சரியான படிவம், சரியான கட்டம், சரியான நினைவு.

## சந்தேகம் வந்தால்

எல்லாமே ஊகம் என்பதால், ஒவ்வொரு முடிவோடும் ‘நம்பக அளவு’ என்ற எண்ணும் வரும். அது உயர்ந்திருந்தால் செய்துவிடலாம். நடுவில் இருந்தால், செய்துகொண்டே சொல்லிக்காட்டலாம்: “சரி, நாளை வியாழன் காலை ஏழரைக்கு வைத்துவிட்டேன்.” தவறென்றால் கேட்பவரே மறுப்பார். தாழ்ந்திருந்தால் கேட்டே ஆக வேண்டும்: “ஏழரைக்கா?”

இவற்றுக்கு நடுவே எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பது தவறினால் என்ன நட்டம் என்பதைப் பொறுத்தது. பாட்டு மாறிப் பாடினால் ஒன்றும் ஆகிவிடாது. பணம் மாறிப் போனால்? பாட்டுக்கெல்லாம் ‘நிச்சயமாகவா?’ என்று கேட்கும் அமைப்பும், பணத்துக்குக் கேட்காத அமைப்பும் ஒரே அளவுக்கு மோசம்.

கேள்வி கேட்டபின் வரும் பதிலுக்கும் தயாராக இருக்க வேண்டும். “ஏழரைக்கா?” என்றால் யாரும் வெறுமனே ‘இல்லை’ என்று நிறுத்துவதில்லை, “இல்ல, எட்டுக்கு” என்பார்கள். மறுப்பும் புது நேரமும் ஒரே மூச்சில். ‘ஆம்’, ‘இல்லை’ மட்டும் எதிர்பார்க்கும் அமைப்பு எட்டைத் தூக்கி எறிந்துவிட்டு “எத்தனை மணிக்கு?” என்று மறுபடி கேட்கும். வாடிக்கையாளர் சேவை எண்களில் மனிதர்கள் கத்தத் தொடங்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

## பெரிய மொழி மாடல்கள் வந்தபின்

இப்போது நோக்கத்தையும் கட்டங்களையும் தனித்தனியாகப் பழக்காமல், பெரிய மொழி மாடல் (முன்பு பார்த்த மொழி மாடலின் பேருரு, கேட்டதற்குப் பதிலே எழுதும்) ஒன்றிடமே வாக்கியத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். சுற்றி வளைத்த பேச்சும் பாதியில் திருத்திய பேச்சும் அதற்கு எளிது. ஆனால் படிவம் எங்கும் போய்விடவில்லை. அலாரம் வைக்கும் நிரலுக்கு நாளும் நேரமும் வேண்டும். மாடல் கடைசியில் அந்தக் கட்டங்களை நிரப்பித்தான் தர வேண்டும். புதிதாக வந்த ஆபத்து, தெரியாத கட்டத்தையும் அது கூசாமல் இட்டுக்கட்டி நிரப்பிவிடுவது.

எழுத்துக்கு மாற்றாமல் ஒலியிலிருந்தே நேராகப் பதிலுக்குப் போகும் மாடல்களும் வந்துவிட்டன. எழுத்தாகும்போது தொனி செத்துவிடும்: “ரொம்ப நல்லா இருக்கு” என்பது பாராட்டா நக்கலா என்று எழுத்து சொல்லாது, ஒலி சொல்லும். லாபம் அது. நட்டம் என்னவென்றால், தவறும்போது நடுவில் திறந்து பார்க்க ஓர் எழுத்து வரி இருக்காது.

## எங்கே தவறியது?

எழுத்தைத் திரையில் காட்டும் அமைப்பாக இருந்தால் கண்டுபிடிப்பது எளிது. சொற்களே தவறாக இருந்தால் பேச்சறிதல் தவறியது: மைக்குக்கு அருகில் வாருங்கள், எதிரொலிக்கும் அறையை விட்டு வாருங்கள். வாக்கியம் பாதியில் நின்றிருந்தால் அமைதி வரம்பு வெட்டிவிட்டது: என்ன சொல்லப்போகிறோம் என்று யோசித்துவிட்டு ஒரே தொடராகச் சொல்லுங்கள். சொற்கள் அச்சுப்பிசகாமல் இருந்தும் வேலை தவறினால் கோளாறு புரிதலில். அங்கே உரக்கச் சொல்வதில் பயனே இல்லை, வேறு சொற்களில் சொல்ல வேண்டும்.

பேச்சறிதலிலும் கத்துவது பெரும்பாலும் எதிர்விளைவுதான். எரிச்சலில் எழுத்தெழுத்தாக இழுத்து அழுத்திப் பேசும்போது சுருதியும் நீளமும் மாறி, ஒலிப்படம் பயிற்சியில் பார்த்த இயல்பான பேச்சை விட்டு இன்னும் விலகிப்போகும். ‘எம்பது’ என்றதை அது ‘அம்பது’ என்று எழுதிவிட்டால், “எஎஎம்பது” என்று இழுக்க வேண்டாம். “எட்டு, பூஜ்யம்” என்று சொல்லிப் பாருங்கள்.